எண் மாறிய ஐம்பது ரூபாய்

இருபத்திரண்டு வருஷம் காஷியராக இருந்தும் வலன்ரைன் ஒரு நோட்டையாவது பார்த்ததில்லை. எண்ணியிருக்கிறார், அவ்வளவுதான். கொழும்பு ஒருகொடவத்தையில் கொள்கலன் ஏற்றும் லொறிக் கம்பனி ஒன்றில், கம்பி வலை அடித்த சின்ன அறைக்குள் இருந்துகொண்டு, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நூற்றெண்பது பேருடைய சம்பளத்தை அவர் எண்ணினார். ஈர ஸ்பொஞ்சில் பெருவிரலைத் தொட்டு அவர் எண்ணத் தொடங்கினால் டிரைவர்மார் கதையை நிறுத்திவிட்டு அந்த விரலையே பார்ப்பார்கள். நூறு முடிந்ததும் மேல்நோட்டைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளை இடத்தில் நீலப் பேனையால் ‘100’ என்று எழுதி, பக்கத்தில் வளைத்து ஒரு ‘V’ போடுவார். அந்த ‘V’ விழுந்த கட்டை பாங்கில்கூடத் திரும்ப எண்ணமாட்டார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

எண்ணி முடித்த கட்டுகள் அடுத்த மேசைக்குப் போகும். அங்கே சம்பள உறைகளை நிரப்பியவன் ஒஸ்வால்ட், வலன்ரைனுடைய மனைவி டோரினின் தம்பி. எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையில் அவன் வேலை பார்த்த துணிக்கடை எரிந்துபோக, உடுத்த உடுப்போடு கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். அவனுக்கு முன்னறையைக் கொடுத்தவர் வலன்ரைன். முதலாளியிடம் கதைத்து வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். பத்து வருஷமாக இதை யார் வந்தாலும் சொல்லுவார். ஒஸ்வால்டும் பக்கத்தில் நின்று, “ஓம், அத்தான் இல்லாட்டி நான் எங்க” என்பான். அவன் அப்படி மனதாரச் சொல்வதுதான் வலன்ரைனுக்கு ஒருநாளும் திருப்தி தராதது.

ஒஸ்வால்டுக்குக் கலியாணம் இல்லை, குடியில்லை, புகையில்லை. ஒரே ஒரு பழக்கம், நோட்டுச் சேர்ப்பது. உறை நிரப்பும்போது வித்தியாசமாக ஏதாவது தட்டுப்பட்டால் அதை எடுத்துவிட்டுத் தன்னுடைய காசை வைப்பான். ஆறு இலக்கமும் ஒன்றாக வந்த பத்து ரூபாய், படம் கொஞ்சம் சரிந்து அச்சடிபட்ட இருபது ரூபாய் என்று சேர்ந்து ஒரு அல்பமே ஆகிவிட்டது. பின்னேரம் தேத்தண்ணி குடித்தபிறகு அதை விரிப்பான். டோரின் ஒரு பக்கம், மகள் மெரினா மறுபக்கம் என்று தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்கள். வலன்ரைன் சாய்மனைக் கதிரையில் பேப்பருக்குப் பின்னால் இருப்பார். அவ்வளவு நோட்டும் முதலில் தன்னுடைய விரலில் பட்டுத்தான் போனது என்பதை நினைத்தால் அவருக்கு நெஞ்சு எரியும். முதலில் தொட்டவர் அவர். பார்த்தவன் அவன்.

அந்த அல்பத்தில் மேலான நோட்டு ஒரு ஐம்பது ரூபாய். வலப்பக்கத்து நம்பரும் இடப்பக்கத்து நம்பரும் ஒன்றாக இருக்கவேண்டிய இடத்தில், கடைசி இலக்கம் ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் ஏழு. அச்சகத்தில் எங்கோ ஒரு சக்கரம் சிக்கியிருக்கவேண்டும். மடிப்பு ஒன்றுகூட இல்லாத புதுத் தாள். வெள்ளவத்தையில் பழைய நோட்டு வாங்கி விற்கும் மர்ஸூக் நானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஆறாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட அன்று டோரின் ஐம்பது ரூபாய்க்கு ஆறாயிரமா என்று மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது வலன்ரைன் எழும்பி முகம் கழுவப் போய்விட்டார்.

இது தொண்ணூற்றுமூன்றாம் வருஷத்து ஐப்பசியில் நடந்தது. பகலெல்லாம் புழுங்கும், பின்னேரம் இடி இடிக்கும், பத்து நிமிஷம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஆமர் வீதியில் ஆமி செக்கிங் கூடிப்போய், வேலைக்குப் போக ஒரு மணித்தியாலம் முந்தி வெளிக்கிட வேண்டியிருந்தது. மெரினா ஏ.எல். சோதனை எடுத்துவிட்டு வீட்டில் இருந்தாள். வெள்ளவத்தையில் கொம்பியூட்டர் படிப்பிக்கும் இடம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. முதலாந் திகதி திங்கட்கிழமைக்குள் ஆறாயிரம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். வலன்ரைன் முதலாளியிடம் கடன் கேட்டார். தை மாதம் பார்ப்போம் என்று பதில் வந்தது. அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து, மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்.

டோரின் கீரிமீன் பொரியலை அவருடைய சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டே சொன்னாள். “பரவாயில்லங்க. ஒஸி அந்த நோட்டை விக்கிறானாம்.”

அந்தப் ‘பரவாயில்ல’ வலன்ரைனைக் கொன்றது. சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பார். தன்னால் ஆகாதென்று இவர்கள் எப்போதோ முடிவெடுத்துவிட்டு, தனக்கு நோகாமல் இருக்கக் காத்திருந்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. மெரினா வேறு, ஒஸி மாமாவுக்கு முதல் சம்பளத்தில் சேட்டுத் துணி எடுத்துத் தருவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். பொறாமை அவருக்குப் புதிதில்லை. ஆனால் தன் வீட்டுக் கூரைக்குக் கீழே, தான் சோறு போட்டவன்மேல் அது இவ்வளவு பெரிதாக வளர்ந்து நிற்கும் என்று அவர் நினைக்கவில்லை.

நானும் நோட்டுத் தேடுகிறேன் என்று தொடங்கினார். நம்பர் பார்த்துக்கொண்டு எண்ணினால் எண்ணிக்கை பிசகியது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கட்டை நாலு தரம் எண்ணினார், டிரைவர்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டு ஸைனம்பு உம்மாவிடம் போனார். அவவிடம் வெள்ளைக்கார ராசாவின் தலை போட்ட ஒரு ரூபாய் நோட்டு ஏழு இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது செப்புக்காசு தட்டுப்பாடாகி அடித்த சதக் கணக்கு நோட்டும் மூன்று இருந்தது. அதில் ஒன்று அஞ்சு சதம், நடுவில் துளைபோட்டு இரண்டு சதமும் மூன்று சதமுமாகக் கிழித்துக் கொடுக்கக்கூடியது. ஸைனம்பு உம்மா அதுவரை கிழிக்காமல் வைத்திருந்தா. வெற்றிலைச் செல்லத்துக்குள் கிடந்து எல்லாம் கறுத்து, ஓரத்தில் பாக்குக் கறையும் ஏறியிருந்தது. இருநூறு ரூபாய் கொடுத்து வாங்கினார்.

அழுக்கு நோட்டை அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது. கம்பனியில் எண்ணெய்க் கையோடு வரும் நோட்டைத் துடைத்துத்தான் கட்டுவார். ஆகவே பத்தையும் சன்லைட் சவர்க்காரத்தில் மெல்ல அலம்பினார். கஞ்சித் தண்ணியில் ஒரு தோய் தோய்த்து, துவாயை மேலே போட்டு அயன் பண்ணினார். டோரின் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். முடிந்தபிறகு நோட்டுகள் விறைப்பாக, வெளேரென்று, பூசைக்குப் போடும் சேட்டுக் கொலர் மாதிரி இருந்தன. அவருக்கு நல்ல சந்தோஷம்.

பௌர்ணமிப் போயா லீவன்று கோட்டையில் கோச்சி ஏறி வெள்ளவத்தையில் இறங்கினார். ஸ்டேசன் வாசலில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்து, நோட்டுகளை வைத்திருந்த கொப்பியையும் விரித்து, “மே மொனவாத?” என்று, இதெல்லாம் என்னவென்று சிங்களத்தில் கேட்டான். “பரண சல்லி, மஹத்தயா” என்றார் வலன்ரைன். பழைய காசு என்றதும் அவன் ஒரு ராசாவின் தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிரித்து, போகவிட்டான். அதையும் ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு நடந்தார்.

மர்ஸூக் நானா கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில், கீழ்மாடிப் பிளாட்டில் இருந்தார். பருத்த மனிதர், பெனியனோடு வேர்த்துக் கொட்டிக்கொண்டு இருந்தார், ஆனால் காற்றாடியைப் போடவில்லை. போட்டால் நோட்டுப் பறக்கும். கண்புருவம் பிடுங்கும் இடுக்கியால் ராசாவின் நோட்டு ஒன்றைத் தூக்கினார், மூக்கில் வைத்தார், திரும்ப வைத்துவிட்டார்.

“சேர், இத சவுக்காரம் போட்டுக் கழுவினீங்களா?”

வலன்ரைன் ஓம் என்றார், அழுக்காக இருந்தது என்றார்.

“அயனும் பண்ணி ஈக்கிது. கஞ்சியும் போட்டீக்கீங்க.” அவர் கோபப்படவில்லை, செத்த வீட்டில் கதைப்பதுபோல் மெதுவாகக் கதைத்தார். “கழுவாமக் கொண்டு வந்தீக்கணும், சேர். அழுக்கோட ஈந்தா அது பழைய நோட்டு. இப்ப இது வெறும் கடதாசி. இந்த அஞ்சு சதம் கிழிக்காம ஈக்கிது, எவ்வளவு நல்ல சாமான். இதப் போய் அயன் பண்ணிட்டீங்களே.”

வலன்ரைனுக்கு விளங்கவில்லை. ஐம்பது வருஷத்துப் பழசுதானே என்று கேட்டார்.

“வயசுக்கு யாரு காசு தாற? எத்தின மிச்சம் ஈக்கிது, எப்பிடி மிச்சம் ஈக்கிது, அதத்தான் பாக்கிற. லச்சக் கணக்கில அடிச்ச நோட்டு நூறு வருசம் போனாலும் நோட்டுத்தான். நேத்து அடிச்ச நோட்டில ஒரு பிழை விழுந்து, அது மத்தவன் கண்ணில படாமத் தப்பி, மடியாம, ஓட்டை விழாம, ஆரும் கிறுக்காம வந்து சேந்தா, அதுக்குத்தான் நாங்க சாகிற.” இடுக்கியைக் கீழே வைத்தார். “இந்தக் காஷியர்மார்தான் எங்களுக்குச் சத்துரு, சேர். பின் குத்துவான், ரப்பர் பேண்ட் போடுவான், எண்ணிப்போட்டு மேல பேனையால எழுதுவான். ஒரு எழுத்து விழுந்தா வெல பாதிக்குக் கீழ போயிடும். நீங்க எங்க வேல?”

“கிளார்க்” என்றார் வலன்ரைன்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் தன் தொழிலை மறைத்தார். வெளிக்கிடும்போது மர்ஸூக் நானா வாசல்வரை வந்து, எந்த இடம் என்று விசாரித்து, கொட்டாஞ்சேனையென்றால் ஒஸ்வால்ட் என்று ஒரு பொடியனைத் தெரியுமா, அவனிடம் கேட்டுப் படியுங்கள், அவனுக்கு நல்ல கண், வாற திங்கள் ஒரு ஐம்பது ரூபாய் கொண்டு வருகிறான், அதற்கென்று ஆறாயிரம் எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். வலன்ரைன் தெரியாது என்றார். திரும்பி வரும்போது கோச்சியில் கடல் பக்கத்து யன்னல் கிடைத்தும் அவர் கடலைப் பார்க்கவில்லை. பத்து நோட்டையும் ஸைனம்பு உம்மாவுக்கே திருப்பிக் கொடுத்தார். அவ அதைத் தடவிப் பார்த்து, புதிதாக்கித் தந்திருக்கிறீர்களே என்று சந்தோஷப்பட்டா.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு அவர் போகவில்லை. வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். டோரினும் மெரினாவும் ஒஸ்வால்டும் லூசியாள் கோவிலுக்கு இறங்கிப் போனார்கள். இரண்டாம் மணியும் அடித்தபிறகு எழும்பி, சேட்டுப் பையிலிருந்த நீலப் பேனையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குள் போனார்.

என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்துதான் இருந்தது. ஒரு கோடு. ஒரு எழுத்து விழுந்தால் பாதிக்குக் கீழே என்று அந்த மனிதரே சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை மர்ஸூக் நானா அதைக் கண்டுபிடித்து ஒஸ்வால்டின் முகத்துக்கு முன்னால் தலையை ஆட்ட வேண்டும். காசு வராமல் அவன் வீட்டுக்கு வர வேண்டும். பாவம், அவனுக்கும் ஏலாமல் போய்விட்டது என்று டோரின் சொல்ல வேண்டும். மெரினாவின் படிப்பு போய்விடுமே என்பதும் ஞாபகம் வந்தது. தை மாதம் கடன் கிடைக்கும், அப்போது நான் கட்டுவேன், நான்தான் கட்டுவேன் என்று அதை ஒதுக்கிவிட்டார்.

அல்பம் பிஸ்கட் டின்னுக்குள் இருந்தது. ஈரம் ஏறாமலிருக்கக் கொஞ்சம் பச்சரிசி போட்டு வைத்திருந்தான். ஐம்பது ரூபாய் கடைசிப் பக்கத்தில் தனியாக, பின்னால் கறுப்பு மட்டை வைத்து இருந்தது. அதை உருவி எடுத்து, மேசையில் வைத்து, கோடு போடுவதற்காகத் திருப்பினார்.

‘100’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் வளைத்து ஒரு ‘V’.

வலன்ரைன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தன்னுடைய எழுத்தை அவருக்குத் தெரியாதா. நூற்றுக்கணக்கான கட்டுகளில் அதுவும் ஒரு மேல்நோட்டு, எண்ணினார், எழுதினார், தள்ளிவிட்டார். ஆறாயிரம் என்பது அந்த எழுத்தோடு சேர்ந்த விலை. இது இல்லாவிட்டால் பன்னிரண்டோ பதினைந்தோ. ஒஸ்வால்ட் இதை எடுத்த அன்றைக்கே கண்டிருப்பான். கறுப்பு மட்டையை வைத்து மறைத்துவிட்டு, அக்காவிடமும் சொல்லவில்லை, மெரினாவிடமும் சொல்லவில்லை. எத்தனை தரம் அவர் அவனைக் குத்திக் கதைத்திருக்கிறார், அப்போதாவது இதை எடுத்து மேசையில் போட்டிருக்கலாம். போடவில்லை.

வெட்கம் வந்தது. ஆனால் அது நிற்கவில்லை. இதிலேயும் அவன்தான் பெரிய மனிதன் ஆகிவிட்டான் என்ற நினைப்பு வந்ததும், பழைய எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. பிழை தன்னுடையது, பெருந்தன்மை அவனுடையது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தான் எழுதியதைத் தானே அழித்துவிட்டால்? நாளைக்கு மர்ஸூக் நானா திருப்பிப் பார்த்துத் திகைப்பார். ஆறாயிரம் பன்னிரண்டாயிரமாகும். மிச்ச ஆறாயிரம் வலன்ரைன் கொடுத்த மாதிரித்தானே.

மெரினாவின் பென்சில் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமான அழிறப்பர் கிடந்தது. நீலப் பக்கம் பேனை எழுத்துக்கு. அவர் பழக்கதோஷத்தில் பெருவிரலை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு, முதலில் ‘V’யில் தொடங்கினார். மை கொஞ்சம் கலைந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். தாளில் மயிர் எழும்பியது. நிறுத்தியிருக்கலாம், ஆனால் ‘V’ பாதி போயிருந்தது, பாதியில் நிறுத்தினால் முழுவதையும் விட மோசம். ‘100’ஐயும் தேய்த்தார். விரல் நகம் அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தபிறகுதான் கை நின்றது. திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் அந்த இடத்தில்தான் வலப்பக்கத்து நம்பர் இருந்தது. கடைசி இலக்கம் ஏழா ஒன்பதா என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதைத் திரும்ப அல்பத்தில் செருகி, டின்னை மூடி, தன் கட்டிலில் போய்ப் படுத்தார்.

அவர்கள் பாணும் மாட்டிறைச்சியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். டோரின் கறியை அடுப்பில் ஏற்றினாள். மத்தியானம் பன்னிரண்டு மணியளவில் ஒஸ்வால்ட் நாளைக்குக் கொண்டுபோக நோட்டை எடுத்து வைக்கப் போனான். பிறகு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். மெரினாதான் முதலில் கண்டாள். அவள் சுவரோரத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். டோரின் அகப்பையோடு வந்து, என்னடா இது, ஆர் செய்தது என்று கேட்டாள்.

ஒஸ்வால்ட் வலன்ரைனைப் பார்த்தான். ஒரு தரம்தான் பார்த்தான்.

“நான்தான் அக்கா. பின்னால ஒரு மைக்கறை இருந்தது. நேற்று அழிக்கப் பாத்தனான், பிழைச்சுப்போச்சு.” பிறகு மெரினாவிடம் சொன்னான். “நீ யோசிக்காத, மகள். மற்ற நோட்டெல்லாத்தையும் அல்பத்தோட குடுத்தா ஆறாயிரம் வரும். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

பத்து வருஷத்து நோட்டையும் என்று டோரின் கேட்டாள். ஓம் என்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனுடைய தலையில் கையை வைத்தாள். முதல் கோப்பையில் சோறு போட்டு, நல்ல இறைச்சியாகத் தேடி எடுத்து, அதை அவன் பக்கம் தள்ளினாள்.

வலன்ரைன் கதிரையை விட்டு எழும்பினார். அவருக்குத் தாங்கவில்லை. குற்றத்தையும் அவன் எடுத்துக்கொண்டான்.

“அவன் பொய் சொல்றான், டோரின். நான்தான் செய்தனான். பூசைக்கு நீங்க போன நேரம் நான்தான் தேய்ச்சனான். அதில இருந்தது என்ட எழுத்து. நூறெண்டு போட்டு, வீ போட்டு, என்ட எழுத்து.”

டோரின் நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஓட்டை மட்டும்தான் இருந்தது. எழுத்து என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை. அவருடைய விரல் நுனியில் நீல மை இருந்தது, ஆனால் அது இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற மை. அவள் அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அப்படி அவள் அவரைப் பார்த்து எத்தனையோ வருஷம்.

“அவனில பழி விழக்கூடாதெண்டு சொல்றீங்க” என்றாள். “எனக்கு விளங்குது. அவனில எப்பவும் எரிஞ்சு விழுறீங்களே எண்டு நான் எவ்வளவு கவலைப்பட்டனான் தெரியுமா. இருங்கோ, சாப்பிடுங்கோ.”

“நான் சொல்றதக் கேள்” என்றார் வலன்ரைன்.

“போதும், டடா” என்று மெரினா எழும்பி வந்து அவருடைய கையைப் பிடித்தாள். “ரெண்டு பேரும் மாறி மாறி நான் நான் எண்டு சொன்னா நான் அழுதிருவன்.”

டோரின் அவருக்கும் சோறு போட்டாள். எலும்போடு சேர்ந்த துண்டு, அவருக்கு விருப்பமான துண்டு, இரண்டு வைத்தாள். மூன்று பேரும் அவர் சாப்பிடுவதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிசைந்து வாயில் வைத்தார். கறி நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடிந்து, பின்பக்கத்துப் பைப்படியில் கை கழுவும்போது ஒஸ்வால்ட் வந்து பக்கத்தில் நின்றான். துறைமுகத்துப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவன் பைப்பைத் திறந்துவிட்டு, உள்ளே கேட்காத குரலில் சொன்னான்.

“விடுங்கோ அத்தான். அக்கா சந்தோஷமா இருக்கிறா. அப்பிடியே இருக்கட்டும்.”

சவர்க்காரத்தை அவரிடம் நீட்டினான். வலன்ரைன் அதை வாங்கிக்கொண்டார். அவருக்கு அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது.